மாணவர் மியூசிக் வீடியோவும் புது ஆர்ட்டிஸ்டோட ப்ரோமோ படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோர்ஸ் ப்ராஜெக்ட்டுக்காகவோ, கூடப் படிக்கிற ஒருத்தரோட முதல் பாட்டுக்காகவோ வீடியோ எடுக்கப் போறவங்க திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்க இதெல்லாம். கேமரா மாடல் பத்தி இங்க பெருசா எதுவும் இல்ல. வீடியோவும் ப்ரோமோ படமும், அதாவது பாட்டோட கவர், போஸ்டர் மாதிரி விளம்பரத்துக்கான ஸ்டில் போட்டோவும், ஒரே முடிவுல இருந்து பிறக்கணும், அந்த முடிவு ஷூட்டுக்கு முன்னாடியே எடுத்திருக்கணும், இதுல தான் நிறைய டீம் கோட்டை விடறாங்க, அதனால பதில் எல்லாம் அதைச் சுத்தியே வரும்.

பாட்டு இன்னும் ஃபைனல் ஆகல. அதுக்குள்ள பிளான் பண்ணலாமா?

ஐடியா யோசிக்கலாம், ஷூட் தேதி மட்டும் குறிக்காதீங்க. மிக்ஸ்ல (எல்லா சத்தத்தையும் அளவா சேர்க்கற வேலை) பேஸ், அதாவது அடி சத்தம், கூடறது குறையறது எல்லாம் பிரச்சனையே இல்ல. ஆனா குரல் ஃபைனலா இருக்கணும். ஷூட் முடிஞ்சப்புறம் "ரெண்டாவது சரணத்தை இன்னொரு தடவை நல்லா பாடி ரெக்கார்டு பண்ணிட்டேன்"னு ஆர்ட்டிஸ்ட் சந்தோஷமா வந்து சொன்னா, அந்தச் சரணத்துக்கு பாடற மாதிரி எடுத்த ஷாட் ஒண்ணு கூட உதட்டோட ஒட்டாது. அதனால குரல், டெம்போ (பாட்டோட வேகம்), மொத்த நீளம் இந்த மூணும் பூட்டியாச்சுன்னு பாட்டு பண்றவர் வாயால சொல்ல வெச்சுட்டு அப்புறம் தேதி குறிங்க.

எனக்குப் பிடிச்ச ஹிட் பாட்டையே எடுத்துக்கலாமா? ஸ்டூடண்ட் ப்ராஜெக்ட் தானே?

கிளாஸுக்குள்ள போட்டுக் காட்டறது வேற, நெட்ல ஏத்தறது வேற. ஒரு பாட்டுல பொதுவா ரெண்டு உரிமை இருக்கு, வரியும் மெட்டும் ஒண்ணு, அந்த ரெக்கார்டிங் இன்னொண்ணு. படத்தோட சேர்த்து வெளியிடணும்னா ரெண்டுக்கும் அனுமதி வேணும், வரிக்கும் மெட்டுக்கும் வாங்கறதை சிங்க் லைசென்ஸ்னும், ரெக்கார்டிங்குக்கு வாங்கறதை மாஸ்டர் லைசென்ஸ்னும் சொல்றாங்க. நீங்களே பாடி கவர் வெர்ஷன் பண்ணா ரெக்கார்டிங் உங்களோடது, மெட்டு அப்பவும் அவங்களோடது தான். கீழ டிஸ்கிரிப்ஷன்ல "உரிமை எனக்கு இல்லை, படிப்புக்காக மட்டும்"னு எழுதி வெச்சா தப்பிச்சுக்கலாம்னு நிறைய பேர் நம்பறாங்க, பாட்டு யாரோடதுன்னு கண்டுபிடிக்கற யூட்யூபோட கண்டென்ட் ஐடி சிஸ்டம் அதைப் படிக்கறதே இல்ல, அது ஆடியோவைத் தான் ஒப்பிட்டுப் பாக்குது.

கிரியேட்டிவ் காமன்ஸ் பாட்டு, அதாவது சில நிபந்தனையோட யாரும் பயன்படுத்தலாம்னு சொந்தக்காரரே விட்ட பாட்டு, எடுக்கறவங்க ஒண்ணு கவனிங்க. லைசென்ஸ் பேர்ல "என்டி"னு இருந்தா மாத்தக் கூடாதுன்னு அர்த்தம், நாங்க பாட்டை வெட்டவே இல்லியேன்னு நினைப்பீங்க, ஆனா பாட்டை ஓடற படத்தோட நேரம் பொருத்திச் சேர்க்கறதே அந்த லைசென்ஸ் படி மாத்தினது கணக்கு தான். அதனால என்டி பாட்டுல மியூசிக் வீடியோ எடுத்து வெளியிட முடியாது. "என்சி"னா வியாபாரத்துக்குக் கூடாது, "எஸ்ஏ"னா உங்க வீடியோவையும் அதே லைசென்ஸ்ல தான் வெளியிடணும்.

சட்டத்தை விடுங்க, ஹிட் பாட்டு வேண்டாம்னு நான் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. அந்தப் பாட்டைக் கேட்டதும் எல்லாருக்கும் ஏற்கனவே ஒரு முகம் ஞாபகம் வரும். புது ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஒரு முகம் உருவாக்கறது தான் உங்க வேலைன்னா அந்தப் பழைய முகத்தோட மல்லுக்கட்டிட்டே இருக்கணும். யாரும் கேக்காத, உங்க நண்பர் ரூம்ல உக்காந்து பண்ண பாட்டு தான் உங்களுக்கு உண்மையான வாய்ப்பு.

ஆர்ட்டிஸ்ட்டை யாருக்கும் தெரியாது. இமேஜ்னா என்ன, எங்க இருந்து ஆரம்பிக்கறது?

ஒரே ஒரு வாக்கியத்துல இருந்து. இந்த ஆர்ட்டிஸ்ட் கேக்கறவங்களுக்கு யாரு? ஜானர் பேர் எழுதாதீங்க, "இண்டி பாப் சிங்கர்"னு எழுதினா அது எந்த முடிவுக்கும் உதவாது. உறவு எழுதுங்க.

உதாரணத்துக்கு ஒரு பொண்ணு, கிட்டார் வெச்சுட்டு மெல்லிசா பாடறாங்கன்னு வெச்சுக்கோங்க. வாக்கியம்: "ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் உனக்கு மட்டும் வாய்ஸ் நோட் அனுப்பற ஃப்ரெண்டு." இதை எழுதின உடனே பாதி கேள்விக்கு பதில் வந்துடும். வெளிச்சம் ஒரே ஒரு டேபிள் லேம்ப்பு, கேமரா கிட்ட, அவங்க லென்ஸை நேரா பாக்கறாங்க, கூட்டம் கிடையாது, டிரோன் ஷாட் எவ்வளவு ஆசையா இருந்தாலும் கிடையாது. கவர் படமும் முகத்துக்கு ரொம்ப கிட்ட, பாதி முகம் இருட்டுல. இப்ப அதே பொண்ணு, அதே கிட்டார், வாக்கியம் மட்டும் வேற: "நின்ன இடத்தை மேடையா மாத்திடறவ." கேமரா கீழ இருந்து மேல பாக்கணும், முழு உடம்பு தெரியணும், உடுப்போட உருவம் தூரத்துல இருந்தே கண்ணுல அடிக்கணும், லேம்ப்புக்கு வேலையே இல்ல. ஆள் மாறல, வாக்கியம் மாறினதும் எல்லாமே மாறிடுச்சு.

அந்த வாக்கியத்தை டீம் மட்டும் உக்காந்து எழுதக் கூடாது, ஆர்ட்டிஸ்ட் இருக்கணும். கூச்சப்படற ஆளை "மாஸா" காட்டப் போனா முதல் டேக்லயே கண்ணு காட்டிக் கொடுத்துடும். அவங்க சாதாரணமா என்ன போடுவாங்க, எதைப் போடவே மாட்டாங்க, பாடும்போது கை என்ன பண்ணும், இதெல்லாம் கேளுங்க, ரிகர்சல்ல ஃபோன்ல சும்மா எடுத்துப் பாருங்க. கண்ணை மூடிட்டுப் பாடறவரா இருந்தா அது குறை இல்ல, அதுவே அவரோட அடையாளமா இருக்கலாம்.

அப்புறம் ஒரு பொருளோ ஒரு கலரோ முடிவு பண்ணுங்க, வீடியோ, கவர், தம்ப்நெயில், போஸ்டர் எல்லாத்துலயும் அது வரணும். மஞ்சள் ஜாக்கெட்னா மஞ்சள் ஜாக்கெட். மூணு டிரெஸ் மாத்தணும்னு ஆசை வரும், பழக்கப்பட்ட ஸ்டாருக்கு அது சரி, இவரை மக்கள் இப்பத்தான் முதல் தடவை பாக்கறாங்க, அடுத்த ஷாட்ல இதே ஆள் தானான்னு யோசிக்க விடாதீங்க.

கதை வைக்கணுமா, பாடறது மட்டும் போதுமா?

மூணரை நிமிஷம், டயலாக் கிடையாது. இதுக்குள்ள காதல், பிரிவு, அப்பாவோட சண்டை, மறுபடி சேர்றதுன்னு ஒரு குறும்படத்தையே திணிக்கறதைத்தான் அதிகம் பாக்கறேன், கடைசில ஆர்ட்டிஸ்ட் முகம் வர்றது மொத்தமா அரை நிமிஷம். கதை வேணும்னா ஒரே ஒரு மாற்றம் மட்டும் வைங்க, ஒருத்தர் கிளம்பறாரு, ஒருத்தர் ஒரு லெட்டரைத் திறக்கறாரு, அவ்வளவு தான். முதல் வீடியோல குறைஞ்சது பாதி நேரமாவது பாடற ஆள் திரைல இருக்கணும்ங்கறது என் கருத்து. பாடறதை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் முழுசா எடுத்து வெச்சா இன்னொரு லாபமும் இருக்கு, கதை ஷாட் எது சொதப்பினாலும் எடிட்ல அதை வெச்சு மூடிடலாம்.

வரில "மழை"ன்னு வந்தா மழையைக் காட்டணுமா?

ஒரு தடவை காட்டினா அழகு, ஒவ்வொரு வரிக்கும் காட்டினா படம் போட்ட பாடப் புத்தகம் மாதிரி ஆயிடும். வரி சொல்றதைக் காட்டலாம், வரி சொல்லாம விட்டதைக் காட்டலாம், வரிக்கு நேர் எதிராவும் போகலாம், சோகமான வரிக்கு சிரிச்சுட்டே ஆடற ஷாட் சில சமயம் ரொம்ப ஆழமா இறங்கும். எதைப் பண்ணாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒத்துப் போகுதான்னு பாருங்க.

ஸ்டோரிபோர்டு கட்டாயமா? எனக்கு வரையவே வராது.

வரைய வேண்டாம். முதல்ல பாட்டை அளந்துக்கோங்க. 100 பிபிஎம் (நிமிஷத்துக்கு 100 பீட்) பாட்டுன்னா ஒரு பீட் 0.6 செகண்டு, நாலு பீட் சேர்ந்த ஒரு பார் 2.4 செகண்டு, நாலு பார் 9.6 செகண்டு. 120 பிபிஎம்னா ஒரு பார் சரியா 2 செகண்டு. இதை வெச்சு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல பல்லவி எத்தனாவது செகண்டுல ஆரம்பிக்குது, சரணம் எங்க, மியூசிக் மட்டும் வர்ற இடம் எங்கன்னு எழுதி, பக்கத்துல இடம், உடுப்பு, ஷாட் போடுங்க. 3 நிமிஷம் 30 செகண்டுன்னா 210 செகண்டு, சராசரியா 3 செகண்டுக்கு ஒரு கட் வெச்சாலே 70 ஷாட் வேணும். இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தப்புறம் தான் நம்ம கைல இருக்கற ஐடியா முப்பது செகண்டுக்கு மேல தாங்காதுன்னு பல டீமுக்குப் புரியும், அது ஷூட்டுக்கு முன்னாடியே புரியறது எவ்வளவோ நல்லது.

அடுத்து, இடத்துக்கு ஒரு நாள் போய் ஃபிரெண்டு ஒருத்தரை நிக்க வெச்சு ஃபோன்ல ஸ்டில்லா எடுத்துட்டு வந்து பாட்டுக்கு மேல வரிசையா அடுக்கிப் பாருங்க. அதுதான் அனிமேட்டிக். எங்க போர் அடிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சுடும், வெயில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழுதுங்கறதும் அந்தப் போக்குலயே தெரிஞ்சுடும்.

லிப்சிங்க், அதாவது உதடு அசையறது பாட்டோட பொருந்தறது, எப்படி சரியா வரவைக்கறது?

ஷூட்டுக்குன்னே தனியா ஒரு பிளேபேக் ஃபைல் ரெடி பண்ணுங்க, பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாலு கிளிக் சத்தம் வெச்சு. நடுவுல இருந்து எடுக்கற ஷாட்டுக்கு சரணம் தொடங்கற இடத்துல பிளே அமுக்கினா பாடறவருக்கு மூச்சு எடுக்கக் கூட நேரம் இருக்காது, ரெண்டு பார் முன்னாடி இருந்து ஓட விடுங்க. கேமராவோட மைக்கை எப்பவும் ஆன்ல வைங்க, அந்த சத்தம் வீடியோல வராது, ஆனா எடிட்ல அதோட வேவ்ஃபார்மை (சத்தத்தோட அலை வடிவம்) ஒரிஜினல் பாட்டோட பொருத்தித் தான் எல்லா டேக்கையும் வரிசைப்படுத்தப் போறீங்க.

ஆர்ட்டிஸ்ட் உண்மையாவே சத்தமா பாடணும். வாயை மட்டும் அசைச்சா தொண்டை அசையாது, மூச்சு ஏறி இறங்காது, கழுத்து நரம்பு தெரியாது, பாக்கறவங்களுக்கு ஏன்னு சொல்லத் தெரியாட்டியும் பொய்னு தெரிஞ்சுடும்.

ஸ்பீக்கரை ஆர்ட்டிஸ்ட் பக்கத்துல வைங்க. சத்தம் ஒரு செகண்டுக்கு 340 மீட்டர் மாதிரி தான் போகும், கேமரா 30 மீட்டர் தள்ளி நின்னு ஜூம் பண்ணுதுன்னா கேமரா மைக்குக்கு சத்தம் கிட்டத்தட்ட 90 மில்லிசெகண்டு லேட்டா வரும், செகண்டுக்கு 25 ஃபிரேம்னா ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்டு, அப்ப வேவ்ஃபார்ம் கரெக்டா பொருந்தினாலும் உதடு ரெண்டு ஃபிரேம் முன்னாடி ஓடும். அப்படிப்பட்ட ஷாட்டை கண்ணால பாத்துத் தான் நகர்த்தணும். நகர்த்தும்போது ப, ம வர்ற இடத்தைத் தேடுங்க, அந்த எழுத்துல தான் ரெண்டு உதடும் முழுசா மூடும். "மறுபடியும்"னு ஒரு சொல் வந்தா அதுல மூணு தடவை மூடணும், அந்த மூடற ஃபிரேமை வெச்சுப் பொருத்தினா மத்த எழுத்து தானா உக்காந்துடும். அ, ஆ வெச்சுப் பொருத்தப் பாத்தா ராத்திரி முழுக்க தேடிட்டே இருப்பீங்க.

சுத்தி எல்லாம் ஸ்லோ மோஷன், ஆனா வாய் மட்டும் பாட்டோட சரியா வருது. அது எப்படி?

பாட்டை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டு, அதே வேகத்துல பாட வெச்சு, 50 ஃபிரேம்ல எடுத்து, 25 ஃபிரேம் டைம்லைன்ல பாதி வேகத்துல போடறாங்க. உதடு சரியா வரும், முடி, துணி, நடை எல்லாம் மிதக்கும். சொல்ல சுலபம், ஆனா வேகமான வரியை ரெண்டு மடங்கு வேகத்துல பாட நாக்கு ஒத்துழைக்கணும், முன்னாடியே பிராக்டிஸ் பண்ணச் சொல்லுங்க. ஃபுல் பாட்டுக்கும் வேண்டாம், பல்லவிக்கு மட்டும் பண்ணா போதும்.

ஃபோன்ல எடுக்கலாமா?

தாராளமா. லென்ஸைத் துடைங்க, ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) லாக் பண்ணுங்க, இல்லாட்டி ஆர்ட்டிஸ்ட் நகர்ற ஒவ்வொரு தடவையும் படம் வெளுத்து கறுத்து ஆடும். பல ஃபோன் ஃபிரேம் ரேட்டை நடுவுல தானா ஏத்தி இறக்கும், அதனால டேக் ஆரம்பத்துல சரியா இருக்கற சிங்க் கடைசில நழுவும், எடிட்டுக்கு முன்னாடி ஃபைலை நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாத்திக்கோங்க. லைட் வெளிச்சத்துல படத்துல கோடு ஓடினா ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழற நேரம், செகண்டுல) மாத்துங்க, மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் இருக்கற நாட்டுல 1/50 இல்லாட்டி 1/100, 60 ஹெர்ட்ஸ்னா 1/60 இல்லாட்டி 1/120.

இடம் எவ்வளவு பிடிக்கும்னும் பாத்துக்கோங்க. செகண்டுக்கு 100 மெகாபிட்னு பதிவு ஆகுதுன்னா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஷூட் நாள்லயே ரெண்டு இடத்துல காப்பி எடுத்தப்புறம் தான் ஃபோனை காலி பண்ணணும்.

ஒரே நாள்ல முடிச்சுடலாமா?

ரெண்டு இடம் வரைக்கும் முடியும். ஒரு டேக் மூணரை நிமிஷம் தான், மூணு டேக் எடுத்தா கூட பத்து நிமிஷம். நேரத்தைத் தின்றது லைட்டை நகர்த்தறது, உடுப்பு மாத்தறது, அடுத்த இடத்துக்குப் போறது, யாரோ ஒருத்தர் சார்ஜர் தேடறது. ஒவ்வொரு செட்டப்புக்கும் அரை மணி நேரமாவது ஒதுக்குங்க. பாட்டோட வரிசைல எடுக்காதீங்க, இடத்தோட வரிசைல எடுங்க. முகம் கிட்ட தெரியற ஷாட்டை முதல்ல எடுத்துடுங்க, சாயங்காலம் ஆர்ட்டிஸ்ட் கண்ணுல களைப்பு வந்தா அதை எந்த கலர் கிரேடிங்கும் (எடிட்ல கலரை மாத்தறது) சரி பண்ணாது.

ப்ரோமோ படத்துக்கு வீடியோல இருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டா போதாதா?

போதாது, காரணம் கணக்குலயே இருக்கு. ஆல்பம் கவருக்கு பாட்டை விநியோகம் பண்ற தளங்கள் பொதுவா எதிர்பார்க்கறது 3000க்கு 3000 பிக்சல் சதுரம். ஃபுல் எச்டி வீடியோவோட உயரமே 1080 பிக்சல் தான், 4கே எடுத்தாலும் 2160. சதுரமா வெட்டினா அதுக்கு மேல கிடைக்காது. ஏ3 போஸ்டரை 300 டிபிஐல (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி) பிரிண்ட் பண்ண 3508க்கு 4961 பிக்சல் வேணும், அங்க இன்னும் மோசம். அதோட வீடியோவை 1/50 ஷட்டர்ல எடுத்திருப்பீங்க, ஓடும்போது அழகா தெரியற அசைவு ஒரு ஃபிரேமை நிறுத்திப் பாத்தா மங்கல் தான்.

அதனால கால்ஷீட்லயே (ஷூட் நாளோட நேர அட்டவணை) ஸ்டில் போட்டோவுக்குன்னு ஒரு மணி நேரம் எழுதுங்க, அதுவும் காலைல, மேக்கப்பும் முகமும் ஃபிரெஷ்ஷா இருக்கும்போது. "நடுவுல டைம் கிடைச்சா எடுத்துக்கலாம்"னு விட்டா டைம் கிடைக்கவே கிடைக்காது. அதே உடுப்பு, அதே லைட், ஆனா தனி வேலை, தனி ஆள். தலையைச் சுத்தி நிறைய இடம் விட்டு எடுங்க, ஏன்னா அதே படம் கவருக்கு சதுரமா, தம்ப்நெயிலுக்கு 16:9ல படுக்கையா, ஸ்டோரிக்கு 9:16ல நெட்டுக்குத்தா வெட்டுப்படப் போகுது. எழுத்து வைக்க மேல காலியா இருக்கற மாதிரி சிலதும் எடுங்க. பாடற மாதிரி போஸ் குடுக்கச் சொல்லாதீங்க, பாட்டைப் போட்டு கேக்க விடுங்க, கேக்கும்போது முகத்துல வர்றதை எடுங்க. கைக்கு ஏதாவது வேலை குடுங்க, காலரைப் பிடிக்கறதோ மோதிரத்தைத் திருப்பறதோ, கை சும்மா தொங்கினா புது ஆள்னு தூரத்துல இருந்தே தெரியும்.

கவர்ல என்ன இருக்கணும், எழுத்து எவ்வளவு பெருசு?

ரெக்கார்டுக்குப் படம் போட்ட கவர்ங்கற வழக்கமே 1940 வாக்குல கொலம்பியா ரெக்கார்ட்ஸ்ல வேலை பாத்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் பெருசா கொண்டு வந்தது தான், அதுக்கு முன்னாடி பெரும்பாலும் வெறும் உறை. 12 இஞ்ச் எல்பி காலத்துல கவரை ஒரு அடி அகலத்துல கைல பிடிச்சுப் பாத்தாங்க. இப்ப ஃபோன் லிஸ்ட்ல விரல் நகம் அளவுல தான் முதல்ல தெரியுது. அதனால டிசைன் முடிச்சதும் அந்த அளவுக்குச் சுருக்கி ஃபோன்ல பாருங்க. யாருன்னு தெரியலேன்னாலும் பரவால்ல, ஒரு உருவமும் ஒரு கலரும் தெரியணும். தெரியலேன்னா பின்னாடி இருக்கறதைக் குறைங்க, முகத்தைக் கிட்ட கொண்டு வாங்க.

எழுத்து ரெண்டே ரெண்டு, ஆர்ட்டிஸ்ட் பேர், பாட்டு பேர். இன்ஸ்டா ஐடி, வெப்சைட், கியூஆர் கோடு எல்லாம் கவர்ல போட்டா விநியோக தளங்கள் திருப்பி அனுப்பிடும், அதுக்கு போஸ்டர் இருக்கு. ஃபான்ட்டோட லைசென்ஸைப் பாருங்க, "பெர்சனல் யூஸ்"னு போட்டிருந்தா வெளியீட்டுக்கு ஆகாது. தமிழ்ல பேர் வைக்கறவங்க போட்டோஷாப்ல டைப் பண்ணா ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குதான்னு பாருங்க, நின்னா இந்திய எழுத்துக்கான டெக்ஸ்ட் செட்டிங்குக்கு மாத்தணும். அப்படியே பிரிண்டுக்குப் போன போஸ்டர் எத்தனையோ இருக்கு, மனசு வலிக்கும்.

தம்ப்நெயில் 1280க்கு 720. வலது பக்கம் கீழ் மூலைல யூட்யூப் வீடியோ நேரத்தைக் காட்டும், அங்க எழுத்து வைக்காதீங்க.

பீட்டுக்கு பீட் லைட் மின்னற மாதிரி எடிட் பண்ணலாமா?

ஒரு செகண்டுல மூணு தடவைக்கு மேல மின்னாம பாத்துக்கோங்க, அழுத்தமான சிவப்பு மின்னலைத் தவிர்த்துடுங்க. ஒளியால வலிப்பு வர்றவங்க இருக்காங்க, இதுல அழகியல் விவாதமே வேண்டாம்.

ஃபிரெண்ட்ஸ் தான் நடிக்கறாங்க, எழுத்துல அனுமதி வாங்கணுமா?

வாங்குங்க. ஒரு பக்கம் போதும், இந்த வீடியோலயும் ப்ரோமோ படத்துலயும் என் முகத்தைப் பயன்படுத்தலாம்னு பேரும் கையெழுத்தும் தேதியும். 18 வயசுக்குக் கீழன்னா அப்பா அம்மாவோ கார்டியனோ கையெழுத்துப் போடணும். இடத்துக்குச் சொந்தக்காரர் கிட்டயும் அப்படியே. பின்னாடி செவுத்துல இருக்கற ஓவியம், டி-ஷர்ட்ல இருக்கற பிராண்டு லோகோ இதெல்லாம் ஃபிரேம்ல வராம பாத்துட்டா வேலை மிச்சம்.

ஆர்ட்டிஸ்ட்டோடயும் ஒரு பேச்சு முன்னாடியே முடிச்சுடுங்க, மாஸ்டர் ஃபைல் (முடிஞ்ச வீடியோவோட ஒரிஜினல்) யார்கிட்ட இருக்கும், எந்த சேனல்ல ஏறும், எடிட்ல கடைசி முடிவு யாரோடது. டைரக்டர் ஒருத்தர் தான் இருக்கணும், ஆனா ஆர்ட்டிஸ்ட்டுக்கு "இந்த ஷாட் வேண்டாம்"னு சொல்ற உரிமை இருக்கணும், அது அவங்க முகம்.

முதல்ல எதை வெளியிடறது?

கவர் படம் முதல்ல. அப்புறம் பல்லவில இருந்து 15 செகண்டு நெட்டுக்குத்து வீடியோ, அதுல முதல் ஃபிரேம்லயே முகம் இருக்கட்டும். அப்புறம் தான் முழு வீடியோ. மூணுலயும் அதே கலர், அதே ஃபான்ட், ஆர்ட்டிஸ்ட் பேர் அதே எழுத்துக்கூட்டல்ல, ஒரு இடத்துல இனிஷியலோட இன்னொரு இடத்துல இல்லாமன்னு இருந்தா தேடறவங்களுக்குக் கிடைக்காது. கிரெடிட் லிஸ்ட்டை ஏத்தறதுக்கு முந்தின நாள் குரூப்ல போட்டு, லைட் பிடிச்சவர்ல இருந்து வண்டி ஓட்டினவர் வரைக்கும் எல்லாரும் அவங்கவங்க பேரைப் பாத்து ஓகே சொன்னப்புறம் எக்ஸ்போர்ட் குடுங்க.